விரலுக்கேற்ற வீக்கம், வளைவுக்கேற்ற பெட்டி

பொம்மை ரயிலைப் பார்க்காதவர்கள் குறைவு. வட்டமான தண்டவாளத்தில் சுற்றிச் சுற்றி வரும். இன்ஜின் கொஞ்சம் நிஜம் மாதிரி இருக்கும். ஆனால் பின்னால் வரும் பயணிகள் பெட்டிகள் மட்டும் குட்டையாக, குண்டாக, நான்கைந்து ஜன்னல்களோடு முடிந்துவிடும். நிஜ ரயில் பெட்டியோ நீண்டு கொண்டே போகும்.

ஏன் இப்படி? செய்தவர்களுக்கு நிஜப் பெட்டியின் அளவு தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் குட்டையாகச் செய்தார்கள். அதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையில் ஜெர்மன் பொம்மைக் கம்பெனி வருகிறது, அமெரிக்கப் பத்திரிகை வருகிறது, கலிஃபோர்னியாவின் தங்கச் சுரங்கம் கூட வருகிறது! கதையின் அடியில் ஒரே ஒரு கேள்விதான். சின்ன வீட்டில் இருப்பவன் ரயில் வைத்துக்கொண்டால் அது "நிஜ" ரயில் ஆகுமா, வெறும் பொம்மைதானா?

முதலில் சில வார்த்தைகள்

மாடல் ரயில் என்பது பொம்மை ரயிலின் அண்ணன். நிஜ ரயிலை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்வது. அந்த விகிதத்துக்கு ஸ்கேல் என்று பெயர். உலகில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்ஓ ஸ்கேல். அதில் நிஜத்தின் 87 அடி மாடலில் 1 அடி. அதைவிடச் சிறியது என் ஸ்கேல், 160ல் ஒரு பங்கு. பெரியது ஓ ஸ்கேல், அமெரிக்கக் கணக்கில் 48ல் ஒரு பங்கு.

பலகை மேல் தண்டவாளம், ஸ்டேஷன், மலை, மரம் எல்லாம் வைத்து அமைக்கும் முழு அமைப்புக்கு லேஅவுட் என்று பெயர். அமெரிக்காவில் தொடக்கக்காரர்களின் லேஅவுட் பெரும்பாலும் 4க்கு 8 அடி ப்ளைவுட் பலகை ஒன்றில் ஆரம்பிக்கும். காரணம் எளிது. கடையில் ப்ளைவுட் அந்த அளவில்தான் விற்கிறது! அதன் அகலத்துக்குள் ரயில் திரும்பி வர வேண்டும் என்றால் வளைவின் ஆரம் 18 அங்குலம், இழுத்துப் பிடித்தால் 22 அங்குலம். அதற்கு மேல் பலகை கிடையாது.

இந்த 18 அங்குலம்தான் கதையின் வில்லன்.

தரையில் ஓடிய ரயில்

1891ல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் மார்க்லின் கம்பெனி ஒரு புதுமையைக் கொண்டு வந்தது. அதுவரை ஒவ்வொரு பொம்மை ரயிலும் தனித்தனி அளவு. மார்க்லின் தண்டவாள அகலங்களுக்கு எண் கொடுத்து ஒழுங்குபடுத்தியது. இன்று ஒரு பெட்டி, அடுத்த பிறந்த நாளுக்கு இன்னும் நாலு தண்டவாளம் என்று வாங்கிச் சேர்க்கலாம் என்ற வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது.

அந்த ரயில்கள் ஓடியது வீட்டுத் தரையில். நாற்காலி, மேஜைக் கால்களுக்கு நடுவே ஒரு வட்டம் போட வேண்டும், விளையாடி முடித்ததும் கழற்றி வைக்க வேண்டும். எனவே வளைவு சிறியதாகவே இருந்தாக வேண்டும். வளைவு சிறியதானதால் பெட்டியும் சிறியதானது. யாரும் இதை ஒரு குறையாக நினைக்கவில்லை. தகரப் பெட்டி, பளபளக்கும் பெயின்ட், உள்ளே விளக்கு. பிள்ளைகளுக்கு அது போதும்.

அமெரிக்காவில் 1900ல் ஜோஷுவா லயனல் கோவன் நியூயார்க்கில் தொடங்கிய லயனல் கம்பெனியும் இதே வழியில்தான் போனது. லயனலின் ஓ அளவுத் தண்டவாளத்தில் பிரபலமான வட்டத்தின் விட்டம் 31 அங்குலம். விலை குறைந்த வகையில் 27 அங்குலம். 27 அங்குல விட்டம் என்றால் ஆரம் பதின்மூன்றரை அங்குலம்தான்.

நிஜத்தில் அந்தக் காலத்து புல்மேன் படுக்கைப் பெட்டி சுமார் 80 அடி நீளம். 48ல் ஒரு பங்காக்கினால் 20 அங்குலம். அதாவது பெட்டியின் நீளம் வட்டத்தின் ஆரத்தைவிட அதிகம்! அப்படி ஒரு பெட்டியை அந்த வட்டத்தில் ஓட்டுவது, பஸ்ஸை வீட்டு முற்றத்தில் திருப்புவது மாதிரி.

1930கள்: "இது பொம்மை இல்லை"

1934 ஜனவரியில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கால்ம்பாக் என்பவர் "மாடல் ரெயில்ரோடர்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1935ல், அதே நகரில் மாடல் ரயில்காரர்களின் தேசியச் சங்கம் உருவானது. தண்டவாள அகலம், சக்கர அளவு எல்லாவற்றுக்கும் பொது விதி வகுப்பது அதன் முக்கிய வேலை. ஒரு கம்பெனி சக்கரம் இன்னொரு கம்பெனி தண்டவாளத்தில் ஓட வேண்டுமே!

அதே 1935ல் ஜெர்மனியில் மார்க்லினும் ட்ரிக்ஸும் மேஜை மேல் ஓடும் சிறிய மின்சார ரயில்களை அறிமுகப்படுத்தின. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இன்றைய எச்ஓவின் அகலமும் அதுவே. ரயில் தரையிலிருந்து மேஜைக்கு ஏறிவிட்டது.

இந்தக் காலத்தில்தான் ஒரு புதிய மனப்பான்மையும் வந்தது. "இது பொம்மை அல்ல, மாடல். நிஜத்தில் எத்தனை அடியோ, அதைச் சரியாகச் சுருக்கினால்தான் மாடல்." அளவுகோலை வைத்துக்கொண்டு ரிவெட் எண்ணுகிறவர்கள் தோன்றினார்கள். குட்டைப் பெட்டி அவர்களுக்கு ஒரு அவமானச் சின்னம்.

லயனல் கம்பெனியே இந்த இழுபறிக்கு நல்ல உதாரணம். 1937ல் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் ஹட்சன் இன்ஜினை அச்சு அசலாக ஓ ஸ்கேலில் செய்து வெளியிட்டது. விலை 75 டாலர், அந்தக் காலத்தில் பெரிய தொகை. ஆனால் அந்த இன்ஜின் சாதாரண வட்டத்தில் திரும்பாது. அதற்கென்றே 72 அங்குல விட்டமுள்ள தனித் தண்டவாளம் வேண்டும். நாலு ஆண்டு கழித்து, 1941ல், லயனல் நல்ல தரமான புல்மேன் பெட்டிகளைக் கொண்டு வந்தது. அவற்றின் நீளம் 20 அங்குலம் அல்ல, சுமார் 15 அங்குலம்தான்! பணக்காரர் வீட்டுக்கு அச்சு அசல் இன்ஜின், எல்லார் வீட்டிலும் ஓடக்கூடிய குறுகிய பெட்டி. கம்பெனிக்கு வியாபாரம் தெரியும்.

நிஜப் பெட்டி நீண்டுகொண்டே போனது

இங்கே ஒரு வேடிக்கை. மாடல்கள் சிறிதாகிக்கொண்டே வந்த அதே காலத்தில் நிஜப் பெட்டிகள் நீளமாகிக்கொண்டே போயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மரப் பெட்டிகளில் 50 அடி சாதாரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரம் போய் எஃகு வந்தது. ஹாரிமன் என்ற ரயில்வே முதலாளியின் கையில் இருந்த யூனியன் பசிஃபிக், சதர்ன் பசிஃபிக் ரயில்வேக்கள் ஒரே மாதிரியான எஃகுப் பெட்டிகளைப் பயன்படுத்தின. அவற்றில் 60 அடிப் பெட்டிகள் ஏராளம். 1910ல் புல்மேன் கம்பெனி முழு எஃகுக்கு மாறியது. அதன் கனமான படுக்கைப் பெட்டிகள் 80 அடியைத் தொட்டன. பிறகு வழவழப்பான, வேகமான ஸ்ட்ரீம்லைனர் காலம். 1949ல் ஓடத் தொடங்கிய கலிஃபோர்னியா ஸெஃபிர் போன்ற ரயில்களில் ஒவ்வொரு பெட்டியும் 85 அடி.

எல்லாருக்கும் எந்த ரயில் வேண்டும்? பத்திரிகை விளம்பரத்தில் மின்னுகிற புது ரயில்தான் வேண்டும்! அதாவது ஓட்ட முடியாத நீளமான ரயில்தான் வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

85 அடிப் பெட்டி எச்ஓவில் சுமார் 297 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு முழு அடி. பெட்டியின் இரு முனைகளுக்கு அருகே அடியில் சக்கரத் தொகுதிகள் இருக்கும். நம்மூரில் பெட்டியையே போகி என்கிறோம். உண்மையில் அந்தச் சக்கரத் தொகுதிக்குத்தான் போகி என்று பெயர். 85 அடிப் பெட்டியில் இரண்டு போகிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே பொதுவாக ஐம்பத்தொன்பதரை அடி. எச்ஓவில் 208 மில்லிமீட்டர்.

வளைவில் போகிகள் தண்டவாளத்தின் மேல் நிற்கும். ஆனால் பெட்டி வளையாதே! அதனால் பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உள்பக்கம் தள்ளி நிற்கும், முனைகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு தள்ளும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. போகி இடைவெளியின் வர்க்கத்தை, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும்.

18 அங்குலம் என்றால் 457 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் சுமார் 12 மில்லிமீட்டர் உள்ளே தள்ளுகிறது. முனைகளும் ஏறக்குறைய அதே 12 மில்லிமீட்டர் வெளியே போகின்றன. பெட்டியின் மொத்த அகலமே 35 மில்லிமீட்டர்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்டவாளத்தை விட்டு நகர்ந்து தொங்குகிறது. நிஜ அளவுக்கு மாற்றினால் ஒரு மீட்டருக்கும் மேல். பிளாட்பாரம் இடிக்கும், சிக்னல் கம்பம் இடிக்கும், பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் ரயில் இடிக்கும்.

இந்தக் கணக்கில் "வர்க்கம்" இருப்பதைக் கவனியுங்கள். பெட்டியை 85 அடியிலிருந்து 60 அடியாக்கி, போகி இடைவெளியையும் அதே விகிதத்தில் குறைத்தால் நீளம் 30 சதவீதம்தான் குறைகிறது. ஆனால் தள்ளல் பாதியாகிவிடுகிறது! கொஞ்சம் சுருக்கினாலும் நிறைய லாபம். குட்டைப் பெட்டி பிழைத்து நிற்பதன் ரகசியம் இதுதான்.

"எச்ஓ பெரிது, அதனால்தான் பிரச்சினை. சின்ன ஸ்கேலுக்குப் போனால் தீர்ந்துவிடும்" என்று தோன்றலாம். 1960களில் ஜெர்மனியின் ஆர்னால்ட் கம்பெனி பரப்பிய என் ஸ்கேலில் 85 அடிப் பெட்டி 162 மில்லிமீட்டர்தான். ஆனால் என் ஸ்கேலில் தொடக்கக்காரர்களுக்குக் கிடைக்கும் வளைவு பெரும்பாலும் ஒன்பதே முக்கால் அங்குலம், அதாவது 248 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள். வளைவு பெட்டியைப் போல் ஒன்றரை மடங்கு. எச்ஓவில் 457ஐ 297ஆல் வகுத்தாலும் அதே ஒன்றரை மடங்கு! ஸ்கேல் சுருங்கியதும் மனிதர்கள் பலகையையும் சேர்த்துச் சுருக்கிவிட்டார்கள். பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சுருக்கியவர்கள் எப்படிச் சுருக்கினார்கள்?

அமெரிக்காவில் ஆதர்ன் கம்பெனியின் எச்ஓ பெட்டிகள் பல பத்தாண்டுகள் நீல அட்டை டப்பாவில் விற்றன. குறைந்த விலை, வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாம். அவர்களுடைய பயணிகள் பெட்டிகள் 85 அடி அல்ல, 72 அடி. எச்ஓவில் 252 மில்லிமீட்டர். மேலே சொன்ன கணக்குப்படி போகி இடைவெளியும் அதே விகிதத்தில் குறைந்தால் தள்ளல் கால் பங்குக்கு மேல் குறையும். பல வீடுகளில் முதல் ஸ்ட்ரீம்லைனர் ரயில் இந்த 72 அடிப் பெட்டிகளால் ஆனதுதான். ரவுண்ட்ஹவுஸ் என்ற பெயரில் வந்த பெட்டிகள் இன்னும் குட்டை. ஹாரிமன் பாணி 60 அடிப் பெட்டி, பழைய காலத்து 50 அடிப் பெட்டி, அதற்கும் கீழே 34 அடியில் ஒரு குட்டி மரப் பெட்டி.

ஜெர்மனியில் வேறு வழி. அங்கே போருக்குப் பிறகு வந்த விரைவு ரயில் பெட்டி 26.4 மீட்டர். 87ஆல் வகுத்தால் 303 மில்லிமீட்டர். ஆனால் மார்க்லினின் முதல் வளைவின் ஆரம் வெறும் 360 மில்லிமீட்டர்! எனவே மார்க்லினின் தகரப் பெட்டிகள் 24 சென்டிமீட்டரிலேயே நின்றன. பிறகு வந்த பிளாஸ்டிக் பெட்டிகளில் ஒரு சமரசம். உயரமும் அகலமும் 87ல் ஒரு பங்கு, நீளம் மட்டும் 100ல் ஒரு பங்கு. அதனால் 264 மில்லிமீட்டர். இன்னும் பிறகு நீளம் தொண்ணூற்று மூன்றரையில் ஒரு பங்காகி 282 மில்லிமீட்டர் ஆனது. ரோகோ போன்ற கம்பெனிகள் முழு 303 மில்லிமீட்டர் பெட்டியையும் விற்றன. ஒரே நிஜப் பெட்டிக்கு மூன்று நீளம்! ஜெர்மன் மாடல் ரயில்காரர்களிடையே இது தீராத வழக்கு.

ஆக, சுருக்குவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, இரண்டு ஜன்னலை எடுத்துவிட்டு மீதியை நிஜ அளவிலேயே வைப்பது. இன்னொன்று, எல்லா ஜன்னலையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கொஞ்சம் ஒடுக்குவது. முதல் வழியில் எண்ணிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இரண்டாவது வழியில் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் பழகிய கண்ணுக்கு முகம் ஒடுங்கியது தெரியும்.

கலிஃபோர்னியாவில் நிஜ ரயில்வே செய்த வேலை

இப்போது ஒரு திருப்பம். "குட்டைப் பெட்டி என்பது பொம்மைத்தனம், நிஜ ரயில்வேயில் அப்படி நடக்காது" என்பவர்களுக்குக் கலிஃபோர்னியா மலைகள் ஒரு பதில் வைத்திருக்கின்றன.

1897ல் தொடங்கிய சியரா ரயில்வே தங்கச் சுரங்கப் பகுதிகளுக்குப் பாதை போட்டது. ஜேம்ஸ்டவுன் என்ற ஊரிலிருந்து ஏஞ்சல்ஸ் கேம்ப் என்ற ஊருக்கு ஒரு கிளைப் பாதை 1902ல் முடிந்தது. ஸ்டானிஸ்லாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏற வேண்டிய பாதை. செங்குத்தான ஏற்றம், கூர்மையான வளைவுகள். வளைந்தும் இறங்க முடியாத இடத்தில் ரயில் முன்னும் பின்னுமாகப் போய் இறங்கும் இசட் வடிவப் பாதை.

சாதாரண நீளப் பெட்டி அங்கே ஒத்து வராது. ரயில்வே என்ன செய்தது? மலையை வெட்டி வளைவைப் பெரிதாக்கப் பணம் இல்லை. பெட்டியைச் சுருக்கியது! சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹோல்மன் கம்பெனியிடம் 1902ல் இரண்டு குட்டைப் பெட்டிகளைச் செய்து வாங்கியது. ஐந்தாம் எண் பெட்டியில் பாதி சாமான், பாதி பயணிகள். ஆறாம் எண் முழுதும் பயணிகளுக்கு. பார்த்தால் யாரோ ஒரு மாடல் ரயில்காரர் ஜன்னல்களை எடுத்துவிட்ட மாதிரியே இருக்கும். ஆனால் அவை முழு அளவு நிஜப் பெட்டிகள், நிஜ மனிதர்கள் டிக்கெட் வாங்கி ஏறியவை.

சியரா ரயில்வேயின் மூன்றாம் எண் நீராவி இன்ஜின் சினிமா நட்சத்திரமும் கூட. 1952ல் வந்த "ஹை நூன்" படத்தில் வருகிறது. 1963 முதல் 1970 வரை ஓடிய "பெட்டிகோட் ஜங்ஷன்" தொலைக்காட்சித் தொடரின் ரயிலாகவும் வந்தது. குட்டி இன்ஜின், குட்டிப் பெட்டி, ஊருக்கு ஒரு ரயில் என்ற படிமம் அந்தத் தொடர் வழியே அமெரிக்க வீடுகளுக்குள் போனது. அந்த இன்ஜினும் அந்தக் குட்டைப் பெட்டிகளும் இன்று ஜேம்ஸ்டவுனில் உள்ள ரெயில்டவுன் 1897 என்ற அரசுப் பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றன.

ஏஞ்சல்ஸ் கேம்ப் பாதையைப் போட்டவர்களும் ப்ளைவுட் பலகையில் பாதை போடுகிறவரும் சந்திப்பது ஒரே சிக்கலைத்தான். இடம் இல்லை, பணம் இல்லை, வளைவு கூர்மை. இருவரும் கண்ட விடையும் ஒன்றே.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஜான் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் 1963ல் எழுதிய தண்டவாள வடிவமைப்புப் புத்தகம் இந்தப் பொழுதுபோக்கில் ஒரு வேத நூல் மாதிரி. எச்ஓவில் 18 அங்குல ஆரத்தைக் கூர்மையான வளைவு என்றும், 24ஐ வழக்கமான வளைவு என்றும், 30ஐ அகன்ற வளைவு என்றும் அவர் பிரித்தார். அவருடைய அடிப்படைப் பாடம் இதுதான். முதலில் உங்கள் இடத்தில் எந்த வளைவு அடங்கும் என்று பாருங்கள், பிறகு அதில் எந்த ரயில் ஓடும் என்று முடிவு செய்யுங்கள்.

மாடல் ரயில்காரர்களிடையே பரவலாகப் புழங்கும் ஒரு கைக்கணக்கும் உண்டு. வளைவின் ஆரம் பெட்டியின் நீளத்தைப் போல் மூன்று மடங்கு இருந்தால் நன்று. இரண்டரை மடங்கு இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். இரண்டுக்குக் கீழே போனால் தொல்லைதான். எச்ஓவில் மூன்று மடங்குக் கணக்கு இப்படி வரும்:

85 அடிப் பெட்டி: 297 மில்லிமீட்டர். வேண்டிய ஆரம் 35 அங்குலம்.
72 அடிப் பெட்டி: 252 மில்லிமீட்டர். வேண்டிய ஆரம் 30 அங்குலம்.
60 அடிப் பெட்டி: 210 மில்லிமீட்டர். வேண்டிய ஆரம் 25 அங்குலம்.
50 அடிப் பெட்டி: 175 மில்லிமீட்டர். வேண்டிய ஆரம் 21 அங்குலம்.
34 அடிப் பெட்டி: 119 மில்லிமீட்டர். வேண்டிய ஆரம் 14 அங்குலம்.

4க்கு 8 அடிப் பலகையில் 22 அங்குலம் கிடைத்தால் 50 அடிப் பெட்டி ராஜா மாதிரி ஓடும். 60 அடிப் பெட்டி இரண்டரை மடங்குக் கணக்கில் தேறிவிடும். 72 அடி ஓடும், ஆனால் அழகு குறையும். 85 அடி வேண்டாம்!

இன்னொரு லாபமும் உண்டு. அந்தப் பலகையில் ஸ்டேஷனுக்குக் கிடைக்கும் நேர்ப்பாதை ஒன்றே கால் மீட்டரைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதில் 85 அடிப் பெட்டி நான்கு நிற்கும். 60 அடிப் பெட்டி ஆறு நிற்கும். நான்கு பெட்டி ரயிலைவிட ஆறு பெட்டி ரயில் கண்ணுக்கு நீளமான ரயில். ஒவ்வொரு பெட்டியும் குறுகினால் ரயில் நீள்கிறது!

ஜன்னலை எடுக்காமல், அளவில் பொய் சொல்லாமல், குட்டைப் பெட்டி ஓட்டவும் வழி இருக்கிறது. காலத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டால் போதும். 1949ன் கலிஃபோர்னியா ஸெஃபிருக்குப் பதிலாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிளைப் பாதை. அப்போது 50 அடிப் பெட்டி என்பது சுருக்கம் அல்ல, சரித்திரம். ஜெர்மன் ரயில் பிடிக்கும் என்றால் 1920களின் இரட்டை அச்சுப் பெட்டி இருக்கிறது. ஓடும்போது எழும் சத்தத்தால் "இடிப்பெட்டி" என்ற பொருளில் ஜெர்மானியர்கள் செல்லப் பெயர் வைத்த பெட்டி. நீளம் சுமார் 14 மீட்டர், எச்ஓவில் 160 மில்லிமீட்டர். 1950களில் மேற்கு ஜெர்மன் ரயில்வே பழைய பெட்டிகளின் அடிச்சட்டத்தைக் கொண்டு செய்த மூன்று அச்சுப் பெட்டிகளும் இருக்கின்றன. இரண்டிரண்டாகச் சேர்த்தே ஓடியவை. மார்க்லினின் 360 மில்லிமீட்டர் வளைவில் கூட இவை இரண்டு மடங்குக் கணக்கைத் தாண்டிவிடும்.

சில எச்சரிக்கைகள். "ஒரே பெட்டி ரயில்தானே, டீசல் ரயில்கார் வாங்கினால் போதும்" என்று பட் கம்பெனியின் 1949 ரயில்காரை வாங்குபவர்கள் உண்டு. ஒரே பெட்டிதான், ஆனால் அதுவும் 85 அடி! வளைவுக்கு எத்தனை பெட்டி என்பது கணக்கில்லை, ஒரு பெட்டி எவ்வளவு நீளம் என்பதுதான் கணக்கு. அடுத்தது, 72 அடிப் பெட்டியையும் 85 அடிப் பெட்டியையும் ஒரே ரயிலில் கலக்கக்கூடாது. குட்டைப் பெட்டி தனியாக இருக்கும்வரை கண் அதை ஏற்றுக்கொள்ளும். பக்கத்தில் முழு நீளப் பெட்டி வந்து நின்றால் உடனே கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது, இணைப்புக் கொக்கி. நீளமான பெட்டி கூர்மையான வளைவில் திரும்ப வேண்டும் என்று சில கம்பெனிகள் கொக்கியைப் பெட்டியில் பொருத்தாமல் போகியில் பொருத்துகின்றன. முன்னால் இழுக்கும்போது நன்றாக ஓடும். பின்னால் தள்ளும்போது விசை நேராகப் போகிக்குப் போய்ச் சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். குட்டைப் பெட்டியில் கொக்கியைப் பெட்டியிலேயே பொருத்தலாம். தள்ளினாலும் தடம் புரளும் பயம் குறைவு.

யார் சொல்வது நியாயம்?

முழு நீளம் கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஸெஃபிர் ரயிலில் ஒருமுறை போனவருக்கு அதன் நீண்ட கோடு மனதில் பதிந்திருக்கும். ஜன்னல் குறைந்த பெட்டி அவருக்கு வேறு யாரோ போலத்தான் தெரியும். பெரிய ஹாலும் 35 அங்குல வளைவும் இருந்தால் அவர் முழு நீளப் பெட்டி வாங்கட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை.

ஆனால் "முழு நீளம் இல்லாவிட்டால் அது மாடலே இல்லை" என்று சொல்லும்போதுதான் இடிக்கிறது. 18 அங்குல வளைவை நிஜ அளவுக்கு மாற்றினால் 40 மீட்டர் ஆரம். எக்ஸ்பிரஸ் ரயில் ஓடும் பாதையில் அப்படி ஒரு வளைவே கிடையாது. ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள நிஜ வளைவை எச்ஓவில் சரியாகச் செய்தால் ஆரம் மட்டும் பதினொன்றரை மீட்டர் வரும். அதை யார் வீட்டில் வைப்பது? ஆக வளைவு ஏற்கனவே பொய். மலை பொய், ஊர்களுக்கு இடையிலான தூரம் பொய். எல்லாம் சுருங்கிய உலகத்தில் பெட்டி மட்டும் சுருங்கமாட்டேன் என்று நின்றால் உண்மை கூடுவதில்லை. அந்த ஒரு உண்மை மற்ற பொய்களைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். வளைவில் ஒரு மீட்டர் வெளியே தொங்கும் துல்லியமான பெட்டியைவிட, வளைவோடு ஒட்டிப் போகும் குட்டைப் பெட்டியே நிஜ ரயில் போலத் தெரியும்.

1902ல் சியரா ரயில்வே பெட்டியைச் சுருக்கியபோது யாரும் அதைப் பொம்மை ரயில்வே என்று சொல்லி மூடிவிடவில்லை. அந்த ரயில் மலையேறியது, ஆட்களை ஏற்றியது, ஊர் சேர்த்தது. ரயில்வே என்பதற்கு அதைவிட என்ன இலக்கணம் வேண்டும்?

விரலுக்கேற்ற வீக்கம் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. உங்கள் மேஜை எத்தனை அடி? முதலில் அதை அளந்து பாருங்கள். எந்தப் பெட்டி வாங்குவது என்பதை அந்த மேஜையே சொல்லிவிடும்.